திருகாணியும் பசையும்



சென்னை மாநகரின் வடபகுதியில் கொடுங்கையூர் என்னும் ஊர் இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னவுடன் நகரவாசிகளுக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள குப்பைமேடே. நகரின் வடக்கு, நடுப்பகுதி மண்டலங்களில் சேரும் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கேதான் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. நான் அவ்வூரில் குடியிருப்பவன். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று அறிய எங்கள் தெருவில் எவரும் வானிலை அறிக்கையை எதிர்பார்ப்பதில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும்.

ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்பில் 66 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பழங்குப்பை அங்கே குவிந்து கிடப்பதாக மாநகராட்சி கணக்கிட்டது. அதை அகழ்ந்து, சலித்து, வகைவகையாகப் பிரித்து எடுக்கும் பெரும் பணியைச் சுமார் 640 கோடி ரூபாய்ச் செலவில் மேற்கொண்டிருக்கிறது. இச்செலவு எதற்கு என்று சிந்தித்துப் பாருங்கள். கலந்து போனவற்றை மீண்டும் பிரிப்பதற்கே இவ்வளவு தொகை. மண்ணை ஒரு பக்கம், கல்லை ஒரு பக்கம், துணியையும் பிளாஸ்டிக்கையும் வேறொரு பக்கம் என்று யந்திரச் சல்லடைகள் ஒதுக்குகின்றன.

ஆனால் எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாத பொருள்கள் சில உண்டு. நம் வீடுகளில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டி, கைப்பேசி, மின்னேற்றி, விளையாட்டுப் பொம்மைக்குள் இருக்கும் சிறு மின்சுற்றுப் பலகை போன்றவை அவை. வீட்டுக் குப்பையைக் கலப்பவர்கள் நாம். இப்பொருள்களிலோ கலப்பு தொழிற்சாலையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட தனிமங்கள் ஒரு கைப்பேசிக்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றை எப்படிச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தே அவற்றைப் பிரிக்க முடியுமா முடியாதா என்பது அமையும். ஆகவே இன்று நான் பேசப் புகுவது, வரைபலகையின் முன் அமர்ந்து, ‘இங்கே திருகாணியா, பசையா?’ என்று தீர்மானிக்கிறாரே அந்த வடிவமைப்பாளரைப் பற்றி.

உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு தோன்றியதென்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் ஏறியது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எஞ்சியது எங்கே போகிறது? நம் ஊர்ப்பக்கத்தில் அதன் வழி எளிது. வீட்டிலிருந்து பழைய பேப்பர்க்காரரின் வண்டிக்கு. வண்டியிலிருந்து காயலான் கடைக்கு. கடையிலிருந்து சுத்தியல் பிடித்த ஒரு கைக்கு. அந்தக் கை எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் சக்கைதான் மேட்டுக்கு வந்து சேர்கிறது. சக்கை எவ்வளவு, அதில் நஞ்சு எவ்வளவு என்பதை உடைப்பவர் தீர்மானிக்கவில்லை. அது முன்பே தீர்மானமாகிவிட்டது.

நான் சிறுவனாக இருந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு வானொலிப் பெட்டி இருந்தது. அதன் முதுகில் துளையிட்ட அட்டை ஒன்று. அதை நான்கு திருகாணிகள் பிடித்துக்கொண்டிருக்கும். அட்டையைக் கழற்றினால், எந்த வால்வு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று காட்டும் படம் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வால்வு என்பது சூடாகும் இழையைக் கொண்ட கண்ணாடிக் குமிழ். மின்விளக்கைப் போல அதுவும் ஒருநாள் எரிந்து போகும். அப்போது பழுதுபார்ப்பவர் வந்து, அதைக் குழியிலிருந்து பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகுவார். பெட்டி மறுபடியும் பாடும்.

அந்தக் குழி ஏன் அமைக்கப்பட்டது? வால்வு தேயும் என்பதை அதை வடிவமைத்தவர் அறிந்திருந்தார். தேயும் பொருளை மாற்றுவதற்கு வழி வைக்காமல் பெட்டி செய்வது அவருக்குத் தோன்றியிராது. இன்றைய கைப்பேசியின் மின்கலமும் தேயும் பொருளே. சில நூறு முறை ஏற்றி இறக்கினால் அதன் கொள்ளளவு குறையும். லித்தியம் அயனிகள் போய்வரும் பாதையில் நிகழும் இரசாயன மாறுதலால் இது தவிர்க்க முடியாதது. வடிவமைப்பவர் எல்லாரும் அறிந்தது. அறிந்திருந்தும் அதைப் பசையிட்டு ஒட்டி, அதன் மேல் கண்ணாடியையும் ஒட்டி மூடுகிறார்கள். 

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்த வானொலிப் பெட்டி ஒரு சிறு அடுப்பைப் போல மின்சாரத்தைத் தின்றது. பின்னர் வந்த டிரான்சிஸ்டர் பெட்டி, கைவிளக்குக்குப் போடும் மின்கலத்திலேயே வாரக்கணக்கில் பேசியது. பழையதன் இணைப்புகள் அனைத்தும் ஈயப் பற்றாசினால் ஆனவை. பிரிப்பதற்கு எளிது என்பது ஒன்று. தீங்கற்றது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே கருத வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது.

2006 செப்டம்பர் 15 முதல் 2011 வரை தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. மொத்தம் ஏறத்தாழ 1.6 கோடி பெட்டிகள். அத்திட்டத்தின் அரசியல் எனக்கு இங்கே வேண்டாம். அதுவரை பக்கத்து வீட்டு வாசற்படியில் நின்று படம் பார்த்த என் மாணவர்கள் தம் வீட்டுப் பாயில் அமர்ந்து பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். அப்பெட்டிகள் 14 அங்குலப் படக்குழாய் கொண்டவை. தட்டைத் திரைகள் விலை இறங்கி வீட்டுக்கு வீடு வந்தபின், அப்பெட்டிகள் பரணுக்கும், பரணிலிருந்து காயலான் கடைக்கும் போயின.

படக்குழாயின் அமைப்பைச் சற்று விளக்குகிறேன். புனல் வடிவிலுள்ள கண்ணாடிக் குழாயிலிருந்து காற்று முழுவதையும் நீக்கியிருப்பார்கள். புனலின் கழுத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை புறப்பட்டு, பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தால் விரைந்து, திரையின் உட்புறத்தில் மோதி ஒளியை உண்டாக்குகிறது. அவ்வாறு மோதும்போது எக்ஸ்-கதிர்களும் பிறக்கின்றன. எதிரே அமர்ந்து பார்ப்பவர் உடலில் அவை பாயாமல் தடுக்க வேண்டும். ஆகவே புனல் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடைக் கலந்தார்கள். ஈயம் எக்ஸ்-கதிரை விழுங்கிவிடும். குழாயின் அளவுக்கேற்ப, கால் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஈயம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. கணக்கில் விருப்பமுள்ளவர்கள் பெருக்கிப் பாருங்கள்: கால் கிலோ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 1.6 கோடிப் பெட்டிகளில் 4,000 டன் ஈயம்.

பெட்டி வீட்டில் இருக்கும்வரை அந்த ஈயம் கண்ணாடிக்குள் சிறைப்பட்டுத்தான் இருக்கும், யாருக்கும் தீங்கில்லை. காயலான் கடையில்தான் வினை. பெட்டியில் விலை போகும் பொருள் குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருள். அதை விரைவாக எடுக்க ஒரே வழி கழுத்தை உடைப்பது. ஒரு அடி, காற்று சீறிக்கொண்டு உட்புகும், சுருள் கைக்கு வரும். புனல் கண்ணாடியோ யாருக்கும் வேண்டாத பொருள். அது நொறுங்கித் தூளாகி, மழைநீரிலும் குப்பையில் ஊறும் அமிலத்திலும் நனையும்போது ஈயம் சிறிது சிறிதாகக் கசியத் தொடங்குகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்யும் என்பதும், தீங்கில்லாத அளவு என்று ஒன்று அதற்கு அறியப்படவில்லை என்பதும் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் செய்திகள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. படக்குழாய்கள் உற்பத்தியான காலத்தில் பழைய ஈயக் கண்ணாடியை உருக்கிப் புதிய குழாய் செய்வார்கள். அதற்குச் சந்தை இருந்தது. படக்குழாய்த் தொழிலே மறைந்தபின், உலகெங்கும் அக்கண்ணாடி கேட்பாரற்றுப் போயிற்று. ஒரு பொருள் ‘மறுசுழற்சிக்கு ஏற்றது’ என்று அதன் மேல் அச்சிட்டிருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். யார் வாங்குவார், எத்தனை ஆண்டு வாங்குவார் என்றும் கேட்க வேண்டும்.

படக்குழாயை வடிவமைத்தவர் கொடியவரா? இல்லை. பார்ப்பவரை எக்ஸ்-கதிரிலிருந்து காக்க மிகுந்த அக்கறையோடு ஈயத்தைச் சேர்த்தவர் அவர். பெட்டியின் முன் அமர்பவரை அவர் நினைத்தார். பெட்டியைக் கடைசியாகக் கையில் எடுப்பவர் அவர் நினைவில் வரவில்லை. சுற்றுச்சூழலைக் கருதிய வடிவமைப்பு என்று இன்று பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்கிறார்களே, அதன் சாரம் அந்தக் கடைசி மனிதரையும் வரைபலகையின் முன் கொண்டுவந்து நிறுத்துவதுதான் என்று நான் கருதுகிறேன்.

அவ்வாறு நிறுத்தும்படி சட்டத்தால் செய்ய முடியுமா? ஓரளவு முடிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் ஓர் ஆணை இயற்றியது. ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம், தீ பரவாதிருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் இருவகைப் புரோமின் சேர்மங்கள் ஆகிய ஆறும் மின்னணுப் பொருள்களில் வரம்புக்கு மேல் இருத்தலாகாது என்பது அது. 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காட்மியத்துக்கு 0.01 விழுக்காடு, மற்றவற்றுக்கு 0.1 விழுக்காடு என்பது வரம்பு. இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளும் அதே வரம்புகளை ஏற்றுக்கொண்டன. படக்குழாய்க் கண்ணாடிக்கு அந்த ஐரோப்பிய ஆணையே விலக்கு அளித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் பற்றாசுக்குப் பொதுவாக விலக்குக் கிடைக்கவில்லை. பற்றாசு என்பது மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளை இணைக்கும் உலோகக் கலவை. முன்பு அது வெள்ளீயம் 63 பங்கும் ஈயம் 37 பங்கும் கலந்தது. 183 பாகை செல்சியசில் உருகும். மலிவானது, பணிவானது, பொறியியலாளர் அனைவருக்கும் பிரியமானது. அதற்கு மாற்றாக வந்தது வெள்ளீயம், வெள்ளி, செம்பு மூன்றும் கலந்த ஒன்று. அது உருக 217 பாகை வேண்டும். இந்த 34 பாகை வேறுபாட்டுக்காக உலைகளை மாற்ற வேண்டியதாயிற்று. பலகையின் பிளாஸ்டிக்கை மாற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வோர் உறுப்பும் கூடுதல் வெப்பத்தைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டியதாயிற்று. மின்சாரச் செலவும் கூடியது. மேலும், ஈயம் கலவாத வெள்ளீயத்தின் மேல் மீசைமயிர் போன்ற மெல்லிய உலோக இழைகள் தாமாகவே முளைத்து, அருகிலுள்ள கம்பியைத் தொட்டுப் பழுதுண்டாக்கும் தொல்லையும் வந்தது. இவ்வளவையும் சமாளித்துக்கொண்டு உலகத் தொழிற்சாலைகள் மாறின. முடியாது என்று முதலில் சொன்னவர்கள் பலர். ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தவுடன் முடிந்தது. இதை நான் பள்ளிக்கூடத்திலும் கண்டிருக்கிறேன். தேர்வுத் தேதி அறிவிக்கும்வரை பாடம் கடினமாகவே இருக்கும்.

பிளாஸ்டிக்கின் கதை இவ்வளவு மகிழ்ச்சியாக முடியவில்லை. கம்பிக்குள் செம்பு; செம்பின் மேல் பி.வி.சி. உறை. உறையை உரிக்க நேரமாகும். கொளுத்திவிட்டால் நிமிடத்தில் செம்பு மிஞ்சும். அவ்வாறு குளோரின் கொண்ட பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது; அருகிலுள்ள செம்பே அதற்கு ஊக்கியாக நின்று துணைபுரிகிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலும் முறைசாராத மின்னணுக் கழிவுப் பட்டறைகளின் மண்ணையும் திறந்தவெளிக் குப்பைமேடுகளின் மண்ணையும் சோதித்து 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று, இவ்வகை நஞ்சுகள் அம்மண்ணில் படிந்திருப்பதைக் காட்டியது. 2025 மே மாதத்தில், கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாமென்று வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஆலை நல்லதா தீயதா என்பது தனியே விரிவாகப் பேச வேண்டிய பொருள். ஆயினும் எந்த உலையிலும் எரிவது என்ன என்பதை உலைக்காரர் மட்டும் முடிவு செய்வதில்லை என்பது உண்மை.

பிளாஸ்டிக் உறை எந்த வகையைச் சேர்ந்தது என்று அதன் உட்புறத்தில் எழுத்துகளாகப் பொறித்துவிட்டால் பிரிப்பவருக்கு எவ்வளவோ உதவி. நல்ல நிறுவனங்கள் பொறிக்கின்றன. பழைய கணினித் திரையின் உறையைத் திருப்பிப் பார்த்தால் ‘ஏ.பி.எஸ்.’ என்பது போன்ற குறியைக் காணலாம். நிறத்துக்கும் இதில் பங்குண்டு. மின்னணுப் பொருள்களுக்குக் கறுப்பு நிறம் அழகு என்று ஒரு நாகரிகம் பரவியிருக்கிறது. கறுப்பு நிறத்துக்காகக் கரித்தூளைக் கலக்கிறார்கள். மறுசுழற்சி ஆலைகளில் பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் யந்திரம் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக்கொண்டே இனம் காண்கிறது. கரித்தூளோ ஒளி முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். யந்திரத்தின் கண்ணுக்கு அது இருட்டு. நிறத்தை மாற்றுவதற்கு நோபல் பரிசு பெற்ற மூளை தேவையில்லை.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். கோலார் தங்கவயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் சென்று பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி வேலை செய்த சுரங்கம் அது. ஒரு டன் தாதுவைப் பொடித்தால் சில கிராம் தங்கமே கிடைக்கும் நிலை வந்து, செலவு கட்டாமல் 2001-இல் மூடப்பட்டது. மின்கலம் நீக்கிய ஒரு டன் பழைய கைப்பேசிகளிலோ நூற்றுக்கணக்கான கிராம் தங்கம் இருக்கிறது. ஆகவே கைப்பேசியைக் குப்பை என்று சொல்வது தமிழுக்கும் பொருந்தாது, பொருளாதாரத்துக்கும் பொருந்தாது. ஆனால் அத்தங்கம் மெல்லிய பூச்சாகப் பலகை முழுவதும் பரவிக் கிடக்கிறது. நவீன உருக்காலையில் அதைத் தூய்மையாகப் பிரிக்கலாம். சந்துக்குள் இருக்கும் பட்டறையில் வாளி நிறைய அமிலத்தைக்கொண்டு பிரிக்கிறார்கள். தங்கம் வெளியூர் போகிறது, அமிலம் சாக்கடைக்குப் போகிறது.

தங்கத்தை எடுப்பதைவிடச் சிறந்த வழி, கைப்பேசியைச் சாகவிடாமல் இருப்பதே. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் உலகத்தின் மேல் ஏற்றும் கரியமில வாயுச் சுமையில் பெரும்பங்கு, அது தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன்பே ஏறிவிடுகிறது. இரண்டு ஆண்டு வைத்திருந்த கருவியை நான்கு ஆண்டு வைத்திருந்தால், ஆண்டுக்கணக்கில் அப்பங்கு பாதியாகும். அதற்குத் தடை மின்கலம். பசையால் ஒட்டிய மின்கலத்தை நெம்பினால் வளையும். வளைந்தால் உட்புறத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கும். குப்பை வண்டியின் நசுக்கு யந்திரத்திலும் இதுவே நேரும்.

பசைக்காரர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். பசையால் கருவி மெல்லியதாகிறது, தண்ணீர் புகாதிருக்கிறது என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் 2014-இல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்5 என்னும் கைப்பேசி தண்ணீரையும் தாங்கியது, அதன் முதுகை நகத்தாலேயே கழற்றி மின்கலத்தையும் மாற்ற முடிந்தது. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2013 முதல் கைப்பேசிகளை விற்று வருகிறது. 2015-இல் வந்த அதன் இரண்டாம் கருவியிலிருந்து திரை, ஒளிப்படக் கருவி, மின்கலம் முதலிய பகுதிகளைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். பசையிலேயே கூட அறிவு புகுந்திருக்கிறது: ஆப்பிள் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஐபோன் 16-இன் மின்கலத்தை ஒட்டியுள்ள பசை, 9 வோல்ட் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே பிடியை விட்டுவிடும். ஒட்டும்போதே விடுவிப்பதையும் எண்ணிச் செய்த பசை அது. இதை நான் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன்.

உறுப்புகள் நன்றாக இருந்தும் மென்பொருள் நின்றுபோவதால் சாகும் கருவிகள் உண்டு. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் கைப்பேசிகளுக்கு, விற்பனை நின்றபின் 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பும், 7 ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்களும் கொடுத்தே தீர வேண்டும். 800 முறை ஏற்றி இறக்கிய பின்னும் மின்கலத்தில் 80 விழுக்காட்டுக் கொள்ளளவு இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே வகை மின்னேற்றித் துளை என்பதும் அங்கே விதியாயிற்று. உங்கள் மேசை இழுப்பறையில் பொருந்தாத மின்னேற்றிகள் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணினால் இவ்விதியின் அருமை புரியும்.

நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகள், 106 வகைப் பொருள்களைச் செய்பவர்கள் பழையவற்றின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. முதல் ஈராண்டுக்கு 60 விழுக்காடு, பின் 70, 2027-28 முதல் 80 விழுக்காடு என்று இலக்கும் வைத்திருக்கின்றன. இறுதிப் பொருள் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்றும் அவ்விதிகளில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறதே தவிர, எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் கோல் அதில் இல்லை. இலக்குகள் எடையால் அளக்கப்படுகின்றன. திருகாணி வைத்தவருக்கும் பசை வைத்தவருக்கும் ஒரே கணக்கு. இது குறை என்பது என் எண்ணம்.

அந்த அளவுகோலைப் பிரான்சு நாடு 2021 ஜனவரியில் கொண்டுவந்தது. கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி முதலியவை விற்கும் இடத்தில், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் காட்ட வேண்டும் என்பது அப்போது வந்த விதி. கழற்றுவது எளிதா, பாகங்கள் கிடைக்குமா, விலை என்ன என்பவற்றைக்கொண்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. கணக்கிட்டவர் அந்த உற்பத்தியாளரே! மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் விடைத்தாள் எல்லாரும் பார்க்கும்படி கடைவாசலில் தொங்கியதால் ஓரளவு நேர்மை இருக்கும் என்று எதிர்பார்க்க முடிந்தது. இந்தியாவிலும் இத்தகைய மதிப்பெண் முறையை வகுக்க ஒன்றிய நுகர்வோர் நலத்துறை 2024-இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 2025 மே மாதத்தில் தன் அறிக்கையை அளித்தது.

இவை நம்மை ஏன் தொட வேண்டும் என்று கேட்கலாம். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மின்னணுப் பொருள்களில் 2024-25-ஆம் ஆண்டில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உங்கள் அக்காமார்களும் அண்ணன்மார்களும் கைப்பேசிகளைப் பூட்டுகிறார்கள். கொடுங்கையூரில் நம்மவர்கள் அவற்றை உடைக்கிறார்கள். வரைபவர்தான் பெரும்பாலும் கடல் கடந்த ஊரில் இருக்கிறார். அந்த நாற்காலியில் உங்களுள் சிலர் அமரும் காலம் தொலைவில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் நான் அருகிலுள்ள ஒரு பள்ளியின் விஞ்ஞானக் கழகத்துக்கு வாரம் ஒருமுறை போய் வருகிறேன். சென்ற ஆண்டு பழுதான பொருள்களைக் கொண்டுவந்து கழற்றிப் பார்க்கச் சொன்னேன். படக்குழாயும், மின்கலமும், மின் இணைப்பில் உள்ள எதுவும் கூடாது என்று கண்டிப்பாக விதித்திருந்தேன். நீங்களும் அதை மீற வேண்டாம். டிரான்சிஸ்டர் வானொலி, கைவிளக்கு, தொலை இயக்கி எல்லாம் திருப்புளிக்கு அடங்கின. கைப்பேசி மின்னேற்றி மட்டும் அடங்கவில்லை. அதில் திருகாணியே இல்லை. இரு பாதி உறைகளையும் அதிர்வினால் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பையன், “சார், இதுக்கு வழியே வைக்கலையே?” என்றான். காயலான் கடை வைத்திருப்பவரின் மகன் ஒருவன் பின்வரிசையிலிருந்து, “கல்லால ரெண்டு அடி போட்டா வந்துடும் சார்” என்றான்.

அப்படியானால் கல் தேவைப்படாத மின்னேற்றியை நீங்களே வரைந்து காட்டுங்கள் என்று சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். பின்வரிசைப் பையன் வந்து, டிபன் கேரியரைப் போல இரு பக்கமும் கொக்கி வைத்து வரைந்தான். அடுக்கைக் கழற்றலாம், கழுவலாம், ஒரு தட்டு நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம். எங்கள் பகுதித் தொழிலாளர்கள் தினமும் கையில் எடுத்துச் செல்லும் அப்பாத்திரத்தைவிட நல்ல முன்மாதிரி எனக்கும் தோன்றவில்லை. உடனே முதல் பையன் தடுத்தான்: தம்பி, தங்கை திறந்தால் மின்சாரம் தாக்குமே! அதுவும் நியாயம். கொக்கியை அழித்து, நாணயத்தைச் செருகித் திருப்பும் பள்ளமாக மாற்றினான் இவன். நாணயம் சிறுவர் கையிலும் இருக்கும் என்றான் அவன். பாடவேளை முடிந்து மணி அடித்தபோது, குழந்தையின் கைக்கு எட்டாமலும் பழுதுபார்ப்பவர் கைக்கு எட்டும்படியும் அந்தத் திருகாணியை எங்கே வைப்பது என்று இருவரும் கரும்பலகையின் முன் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.